ஊரில் பழைய கல் கண்டால் எந்த அலுவலகத்துக்குப் போவது? தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

கண்மாய்க் கரையில் எழுத்து வெட்டிய கல், வயல் வரப்பில் சாய்ந்து நிற்கும் நடுகல், மண் அள்ளும்போது வெளியே வந்த முதுமக்கள் தாழியின் (பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த பெரிய பானையின்) விளிம்பு. இப்படி எதையாவது பார்த்துவிட்டு அதைக் காப்பாற்ற நினைக்கும் புதியவர்கள் எல்லோரும் தடுமாறுவது ஒரே கேள்வியில்தான்: யாரிடம் சொல்வது?

தவறான மேசைக்குப் போன மனு ஒன்றும் கிழித்துப் போடப்படுவதில்லை. ஒரு அலுவலகம் இன்னொன்றுக்கு அனுப்பும், அது மூன்றாவதற்கு அனுப்பும். அதற்குள் சாலை போட்டு முடிந்துவிடும், கல் பாலத்துக்கு அடியில் போயிருக்கும். தமிழ்நாட்டில் நாம் இழந்தவற்றில் பெரும் பகுதி யாரும் வேண்டுமென்று அழித்தவை அல்ல. யாருடைய பட்டியலிலும் இல்லாததால் போனவை. அதனால்தான் தொல்லியல் துறை எப்படி அமைந்திருக்கிறது, அதன் கை எதுவரை நீளும், எங்கே நின்றுவிடும் என்பதை ஒருமுறை தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் பலகையைப் படியுங்கள்

ஒரு பழைய இடத்துக்குப் போனதும் வாசலில் அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட, கீழே சின்ன எழுத்தில் எந்தச் சட்டத்தைச் சொல்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

1958-ஆம் ஆண்டுச் சட்டம் என்று இருந்தால் அது மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் என்று இருந்தால் அது மாநிலத் தொல்லியல் துறையுடையது. பலகையே இல்லை என்றால், பெரும்பாலும் இரண்டு பேர் பட்டியலிலும் இல்லை என்று பொருள். சில இடங்களில் பலகை விழுந்தோ துருப்பிடித்தோ போயிருக்கும் என்பதால், பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்தப் பிரிவினை அரசியலமைப்புச் சட்டத்திலிருந்தே வருகிறது. தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அறிவிக்கப்பட்ட சின்னங்கள் மத்திய அரசின் பட்டியலில் வருகின்றன. மற்ற பழமையான சின்னங்கள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மண்ணுக்கு அடியில் உள்ள தொல்லியல் இடங்கள் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. இந்த மூன்றாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அகழாய்வு பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

நடைமுறையில் இதில் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010-இல் வந்த திருத்தம் இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. மாநிலச் சின்னத்துக்கு இந்த அளவு தானாக வந்துவிடாது. அந்தந்த இடத்துக்கான அறிவிக்கையில் எந்தப் புல எண் (சர்வே எண்), எவ்வளவு பரப்பு என்று சொல்லியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். "100 மீட்டர் சட்டம் இருக்கிறதே" என்று மாநிலச் சின்னத்துக்கு மனு எழுதினால், அந்த ஒரு வரியை வைத்தே மனுவைத் தள்ளிவிட முடியும்.

ஒரே ஊரில் எத்தனை துறைகள்

மதுரையை எடுத்துக்கொள்வோம். திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பு. மீனாட்சி அம்மன் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகம். கீழக்குயில்குடிச் சமணமலை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அரசு அருங்காட்சியகம் தனியாக அருங்காட்சியகங்கள் துறையின் கீழ் வருகிறது. பிரிட்டிஷார் காலத்து அரசு அலுவலகக் கட்டடங்கள் என்றால் பொதுப்பணித் துறை. மதுரையிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளிச் சிவகங்கை மாவட்டத்துக்குள் போனால் கீழடி. அங்கே அகழாய்வும் 2023-இல் திறந்த அருங்காட்சியகமும் மாநிலத் தொல்லியல் துறையுடையவை.

சில இடங்களில் ஒரே கட்டடத்துக்கு இரண்டு பொறுப்பாளர்கள் இருப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லும் சுதையும் ஓவியமும் மத்தியத் தொல்லியல் துறையின் கையில் உள்ளன. பூசையும் விழாவும் அரண்மனை தேவஸ்தானமும் அறநிலையத் துறையும் பார்ப்பவை. கோபுரத்தில் செடி முளைத்திருக்கிறது என்று கோயில் அலுவலகத்தில் சொன்னால் அவர்களால் ஏறிப் பிடுங்க முடியாது. தொல்லியல் துறைக்குத்தான் எழுத வேண்டும்.

எல்லையைத் தாண்டியும் ஒரு விந்தை உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது கல்குளம் வட்டம் இந்தப் பக்கம் வந்தது, அரண்மனை அவர்கள் பொறுப்பில் தங்கிவிட்டது. அதனால் இடம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

துறைக்குள் யார் யார்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1961-இல் தொடங்கப்பட்டது. தலைமை அலுவலகம் சென்னை எழும்பூரில், தமிழ் வளர்ச்சி வளாகத்தில் உள்ளது. முதல் இயக்குநர் இரா. நாகசாமி, 1966 முதல் 1988 வரை. மாவட்டம் மாவட்டமாகப் போய்க் கல்வெட்டுகளைப் படியெடுத்து நூலாக்கும் வேலை அவர் காலத்தில் வேகம் பிடித்தது. செங்கம் பகுதி நடுகற்களைப் பற்றிய தொகுப்பு 1972-இல் வந்தது. ஊர்ப்புறத்து வீரக்கற்களையும் வரலாற்று ஆவணமாக மதிக்கலாம் என்று பலருக்கும் காட்டிக் கொடுத்தது அது.

மேலிருந்து கீழே வந்தால் அமைப்பு இப்படி இருக்கும். சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லும் அமைச்சர். தலைமைச் செயலகத்தில் ஒரு செயலாளர். சுற்றுலா, பண்பாடு, அறநிலையங்கள் என்ற செயலகத் துறையின் குடைக்குள் தொல்லியல், அருங்காட்சியகம், அறநிலையத் துறை எல்லாம் தனித்தனித் துறைகளாக வருகின்றன. இந்தப் பெயரும் பிரிவும் ஆட்சிக்கு ஆட்சி மாறக்கூடியவை, மனு எழுதும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அரசாணை போடுவது செயலகம். அதை நிறைவேற்றுவது எழும்பூர் அலுவலகம். அங்கே தலைவராக ஆணையர் இருப்பார், பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவருக்குக் கீழே இணை இயக்குநர், துணை இயக்குநர், உதவி இயக்குநர் என்று தொல்லியல் படித்து வந்தவர்கள்.

புதியவர்களுக்கு உண்மையில் உதவக்கூடியவர்கள் இன்னும் கீழே இருக்கிறார்கள். மாவட்டங்களைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளும் தொல்லியல் அலுவலர்கள், கல்வெட்டைப் படிக்கும் கல்வெட்டாய்வாளர்கள், அகழ்வைப்பகங்களில், அதாவது துறை அந்தந்த ஊரில் நடத்தும் காட்சிக்கூடங்களில், இருக்கும் காப்பாட்சியர்கள். ஒருவருக்கே பல மாவட்டங்கள் பொறுப்பாக இருப்பது சாதாரணம். உங்கள் போனை எடுக்கவில்லை என்றால் அலட்சியம் என்று உடனே நினைத்துவிட வேண்டாம்; அந்த நேரத்தில் அவர் வேறொரு மாவட்டத்தில் அகழாய்வுக் குழிக்குள் நின்றுகொண்டிருக்கலாம்.

வேலைகளை வைத்துப் பார்த்தால் துறையின் முக்கியக் கிளைகள் அகழாய்வு, சின்னங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாத்தல், கல்வெட்டு, வேதியியல் ஆய்வகம், ஒளிப்படம், நூலகம், வெளியீடு ஆகியவை. வேதியியல் பிரிவு மக்கள் கண்ணில் படுவதே இல்லை. மண்ணிலிருந்து எடுத்த இரும்போ செம்போ வெளிக்காற்று பட்டவுடன் சிதைய ஆரம்பித்துவிடும், அதைத் தடுத்து நிறுத்துவது அவர்கள்தான்.

அப்புறம் அகழ்வைப்பகங்கள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, இராமநாதபுரத்து இராமலிங்க விலாசம், பூண்டியில் பழைய கற்காலக் கருவிகள், தருமபுரியில் நடுகற்கள் என்று பல ஊர்களில் துறையின் காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தால் முதலில் அங்கே போய்ப் பேசுங்கள். சென்னைக்குக் கடிதம் எழுதுவதை விட அது வேகமாக வேலை செய்யும்.

வீட்டுப் பரணில் ஓலைச்சுவடிக் கட்டு இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. 1869-இல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இப்போது தொல்லியல் துறையோடு இணைந்து இயங்குகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் சுவடித் துறை உண்டு. கொடுத்துவிட மனமில்லை என்றாலும் படம் எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள். சுவடியைப் பூச்சி அரித்துவிட்டால் பிறகு யாராலும் படிக்க முடியாது.

துறையைப் பற்றி ஒரே ஒரு ஆவணம்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பைப் படியுங்கள். பணியாளர் அமைப்பு, பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், அந்த ஆண்டின் அகழாய்வுகள், ஒதுக்கிய பணம் எல்லாம் அதில் தமிழிலேயே இருக்கும். அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

"எங்கள் ஊரிலும் அகழாய்வு செய்யுங்கள்"

கீழடிக்குப் பிறகு துறைக்கு அதிகம் போகும் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. ஆசை நியாயமானதுதான். ஆனால் மாநில அரசே நினைத்தாலும் உடனே மண்வெட்டியைத் தூக்க முடியாது.

பொதுப் பட்டியல் என்று முன்பு சொன்னேன் அல்லவா, அதன் விளைவு இங்கே தெரியும். மாநிலத் தொல்லியல் துறையோ பல்கலைக்கழகமோ, யார் அகழ்ந்தாலும் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். துறை முதலில் மேற்பரப்பு ஆய்வு செய்து, ஏன் இந்த இடம், என்ன எதிர்பார்க்கிறோம் என்று கருத்துரு எழுதி அனுப்பும். மத்தியத் தொல்லியல் ஆலோசனை வாரியத்தின் நிலைக்குழு அதைப் பார்க்கும். அதன் பிறகு இந்தியத் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநர் உரிமம் கொடுப்பார். உரிமம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே, அடுத்த கட்டத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

கீழடியே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2015-இல் தொடங்கிய முதல் மூன்று கட்டங்களைச் செய்தது இந்தியத் தொல்லியல் துறை. நான்காம் கட்டத்திலிருந்து மாநிலத் துறை எடுத்துக்கொண்டது. அந்தக் கட்டத்தில் கிடைத்த கரித்துண்டுகளை அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலம் கணித்தார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்ற செய்தி 2019-இல் வந்தது. மண் ஒன்றுதான், நடுவில் அகழும் துறை மட்டும் மாறியது. ஆதிச்சநல்லூரிலும் இரண்டு துறைகளும் வெவ்வேறு ஆண்டுகளில் அகழ்ந்திருக்கின்றன.

உங்கள் ஊரில் பானை ஓடுகள் நிறையக் கிடைக்கின்றன என்றால் அகழாய்வு கேட்பதற்கு முன்னால் மேற்பரப்பு ஆய்வு கேளுங்கள். அதற்கு மத்திய ஒப்புதலின் நீண்ட பாதை தேவையில்லை, அலுவலர் ஒருவர் வந்து பார்த்தாலே போதும். கறுப்பு-சிவப்புப் பானை ஓடு, கீறல் குறி உள்ள ஓடு, எழுத்துப் பொறித்த ஓடு, சங்கு வளையல் துண்டு, மணிகள், இரும்புக் கசடு இவற்றில் என்னென்ன, எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பில் தெரிகின்றன என்று எழுதிக் கொடுங்கள். எடுத்துக்கொண்டு வந்து மேசையில் கொட்டாதீர்கள். கிடந்த இடத்திலிருந்து எடுத்த ஓடு பாதிச் செய்தியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது.

நீங்களே தோண்டிப் பார்க்கவே கூடாது. ஆர்வக் கோளாறில் ஒரு தாழியை உடைத்துத் திறந்தால், அதன் அடியில் எந்த அடுக்கில் என்ன இருந்தது என்பது என்றைக்கும் தெரியாமல் போய்விடும்.

பட்டியலில் இல்லாத கல்லைக் காப்பாற்றும் வேலை

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான். தமிழ்நாட்டில் மத்திய அரசின் பட்டியலில் நானூற்றுச் சொச்சம் சின்னங்கள் இருக்கின்றன, மாநிலப் பட்டியல் அதை விடச் சிறியது. ஊர்களில் கிடக்கும் நடுகற்களும் தனிக் கல்வெட்டுகளும் கல்வட்டங்களும் (பழைய புதைகுழியைச் சுற்றி வட்டமாக நட்ட கற்கள்) இந்த இரண்டிலும் அடங்காது. அவற்றுக்கு முன்னால் தொல்லியல் அலுவலர் வந்து நின்றாலும், "எடுக்காதே" என்று உத்தரவு போடும் சட்டபூர்வ அதிகாரம் அவரிடம் மிகக் குறைவு. அந்த அதிகாரம் இருப்பது நிலத்தின் சொந்தக்காரரிடம். அது வருவாய்த் துறையாக இருக்கலாம், ஊராட்சியாக இருக்கலாம், பொதுப்பணித் துறையாகவோ வனத் துறையாகவோ ஒரு விவசாயியாகவோ இருக்கலாம்.

அதனால் முதல் வேலை நிலம் யாருடையது என்று தெரிந்துகொள்வது. கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கேளுங்கள். கிராமத்து நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டில் அது பட்டாவா, புறம்போக்கா, கண்மாயா, மேய்ச்சல் தரையா என்று இருக்கும். அரசின் நில ஆவண இணையதளத்திலும் பார்க்கலாம். புல எண் இல்லாத மனுவை அடுத்து என்ன செய்வது என்று எந்த அலுவலகத்துக்கும் தெரியாது.

அடுத்தது படம். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். நடுப்பகலில் எழுத்தே தெரியாது. இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலும் எழுத்து எழுந்து நிற்கும். சுண்ணாம்போ பெயிண்டோ எண்ணெயோ பூசாதீர்கள். மாவு தடவிப் படிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பித் தூரிகையால் பாசியைத் தேய்ப்பது அதை விட மோசம், எழுத்தின் விளிம்பே போய்விடும். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து ஒரு படம், சுற்றுப்புறம் தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம், நான்கு பக்கமும் ஒவ்வொரு படம். கைபேசியில் இருப்பிடப் புள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்தைப் பதிவெடுக்கும் மைப்படி பழகியவர்கள் வேலை, அதை அலுவலருக்கு விட்டுவிடுங்கள்.

இந்தக் கல்வெட்டு ஏற்கெனவே படிக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887-இலிருந்து இருக்கின்றன. மாநிலத் துறையும் மாவட்ட வாரியாகத் தொகுதிகள் போட்டிருக்கிறது, 'கல்வெட்டு' என்ற காலாண்டிதழும் நடத்துகிறது. இவற்றில் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள். பதிவானது என்றால் எண்ணைக் குறிப்பிட்டு, "இந்தக் கல்வெட்டு இப்போது இந்த நிலையில் இருக்கிறது" என்று எழுதலாம். பதிவாகவில்லை என்றால் அதையே முதல் வரியாக எழுதுங்கள். புதியது இன்னும் கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் உள்ள ஜம்பைத் தமிழி (தமிழ் பிராமி எழுத்து) கல்வெட்டு 1981-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. புலிமான்கோம்பை நடுகற்கள் 2006-இல்.

இனி மனு. ஒரே பக்கம் போதும். ஊர், ஊராட்சி, வட்டம், மாவட்டம், புல எண், நிலத்தின் வகை, பொருள் என்ன, அளவு என்ன, இப்போது என்ன ஆபத்து, எப்போது நடக்கப்போகிறது, என்ன கேட்கிறீர்கள். இந்தக் கடைசி இரண்டையும் பலர் எழுதுவதில்லை. "நமது பாரம்பரியத்தைக் காக்க வேண்டும்" என்று மட்டும் முடித்தால் அலுவலரால் ஒன்றும் செய்ய முடியாது. "சாலைப் பணி தொடங்குவதற்கு முன் கல்லை நேரில் பார்வையிட வேண்டும், அதுவரை இந்த இடத்தில் மண் எடுக்காமல் இருக்க வட்டாட்சியர் உத்தரவிட வேண்டும்" என்று எழுதினால் இரண்டு பேருக்கு இரண்டு வேலை தெளிவாகத் தெரியும்.

மனுவை மாவட்ட ஆட்சியருக்கு முகவரியிட்டு, தொல்லியல் துறை ஆணையருக்கும் உங்கள் பகுதித் தொல்லியல் அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் நகல் போடுங்கள். ஆட்சியருக்கு ஏன் என்றால், வருவாய், ஊராட்சி, நெடுஞ்சாலை, காவல் எல்லாவற்றையும் ஒரே நாளில் கூப்பிட்டுப் பேசக்கூடிய நாற்காலி மாவட்டத்தில் அது ஒன்றுதான். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். கூடவே கிராம சபையில் ஒரு தீர்மானம் வாங்கிவிடுங்கள். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட, சபை கூடும் நாட்கள் எல்லோருக்கும் தெரியும். "இந்தக் கல் இங்கேயே இருக்க வேண்டும், ஊராட்சி மேடை கட்டிப் பாதுகாக்கும்" என்று ஊரே சொன்ன தீர்மானத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

கல்லை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போவது கடைசி வழி. நடுகல் நின்ற இடத்துக்கும் அது சொல்லும் பூசலுக்கும் தொடர்பு இருக்கிறது, ஊர் அதைக் கும்பிட்டு வந்திருந்தால் அந்த உறவும் இருக்கிறது. பத்தடி தள்ளி அதே ஊரில் நிறுத்த முடிந்தால் அதற்குத்தான் முயல வேண்டும்.

இன்னொன்று. தாழிகள் புதைந்து கிடக்கும் தாழிக்காடு, புதையல் கிடைத்த இடம் இவற்றின் துல்லியமான இருப்பிடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். அதைப் படிப்பவர்களில் கடப்பாரையோடு வருபவர்களும் இருக்கிறார்கள்.

மண்ணுக்குள் பொருள் கிடைத்தால்

இது வேறு சட்டம், வேறு பாதை. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாகப் போகும். தொல்லியல் அலுவலரோ அருங்காட்சியகக் காப்பாட்சியரோ வந்து பார்ப்பார்.

மறைத்தால் சிறைத் தண்டனை வரை போகலாம். சொன்னவருக்கு உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வேறு உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்தின் சொந்தக்காரருக்கு ஒரு பங்கும் என்று சட்டம் சொல்கிறது. அரசு எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். இந்த விவரத்தை உங்கள் ஊர்க் கொத்தனாருக்கும் ஜேசிபி ஓட்டுநருக்கும் சொல்லி வையுங்கள். முதலில் காண்பவர்கள் அவர்கள்தான்.

விழுப்புரம் அருகே எசாலத்தில் 1987-இல் கோயில் திருப்பணியின்போது செப்புத் திருமேனிகளும் இராசேந்திர சோழன் காலச் செப்பேடும் வெளிப்பட்டன. அன்றைக்கு அங்கிருந்தவர்கள் சொல்லாமல் விட்டிருந்தால் ஒரு அரசனின் ஆவணம் பழைய செம்பு விலைக்குப் போயிருக்கும். சிலை திருடு போனது, விற்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அது காவல் துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவின் வேலை. 1983-இலிருந்து அந்தப் பிரிவு இருக்கிறது.

கோயில் திருப்பணி என்றால்

அறநிலையத் துறையின் கீழ் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தொல்லியல் பட்டியலிலும் இல்லை. ஆனாலும் பழைய கோயிலில் நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. மண்டல அளவிலும் மாநில அளவிலும் வல்லுநர் குழுக்கள் இருக்கின்றன, அவற்றில் தொல்லியல் வல்லுநரும் உண்டு. திருப்பணி முன்மொழிவு அந்தக் குழுக்களைத் தாண்டித்தான் வர வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2021 சூன் மாதத்தில் கோயில்களையும் பழைய சின்னங்களையும் காப்பது பற்றி 75 கட்டளைகள் கொடுத்தது.

உங்கள் ஊர்க் கோயிலில் வேலை தொடங்குகிறது என்று கேள்விப்பட்டால், குடமுழுக்குக்குத் தேதி குறித்த பிறகு போய் நிற்காதீர்கள். அப்போது ஊரே உங்களுக்கு எதிராக நிற்கும். பாலாலயம் (திருப்பணி தொடங்கும்போது தெய்வத்தைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்கு) செய்வதற்கு முன்பே செயல் அலுவலரிடம் மூன்றைக் கேளுங்கள்: குழு ஒப்புதல் கிடைத்துவிட்டதா, சுவரில் உள்ள கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டனவா, கல்லைச் சுத்தம் செய்ய எந்த முறை. மணல் வீச்சு என்று பதில் வந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். அதற்குத் தடை இருக்கிறது. மணலை அழுத்தத்தில் அடித்தால் அழுக்கோடு எழுத்தும் போகும். தரையில் கிடக்கும் கல்வெட்டுத் துண்டுகளை அடித்தளத்தில் போட்டு மூடிவிடுவதும் நடக்கிறது, அவற்றை எண்ணிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னமாக அறிவிக்க வைப்பது

எல்லாவற்றுக்கும் இது தேவையில்லை. ஆனால் குகைத் தளமோ கோட்டையோ கல்வட்டங்கள் நிறைந்த பெரிய பரப்போ என்றால் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கக் கேட்கலாம். அலுவலர் ஆய்வு அறிக்கை, வருவாய்த் துறையிடமிருந்து புல வரைபடம், ஆணையரின் பரிந்துரை, செயலகம் என்று கோப்பு போகும். அரசு முதலில் அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல இரண்டு மாத அவகாசம் தரும். அதன் பிறகுதான் இறுதி அறிவிப்பு. அந்த இரண்டு மாதத்தில் பக்கத்து நிலத்துக்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். தன் நிலத்தில் இனி வெள்ளாமை செய்ய முடியாதோ என்ற பயம்தான் பெரும்பாலான ஆட்சேபங்களின் வேர்.

படிக்க, வேலைக்குச் சேர

கல்வெட்டு வாசிக்க முறையாகக் கற்க விரும்பும் முதுகலைப் பட்டதாரிகளுக்குத் துறையே தொல்லியலில் இரண்டாண்டு முதுகலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது, படிக்கும் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. தொல்லியல் அலுவலர் போன்ற பணியிடங்களுக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்தும். பள்ளி ஆசிரியர்கள் தங்கள் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கலாம். நன்றாக நடக்கும் மன்றங்கள் உள்ள ஊர்களில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடப் பழைய தமிழ் எழுத்து வடிவமான வட்டெழுத்தை அடையாளம் சொல்கிறார்கள்.

பதில் வராதபோது

மனு கொடுத்து ஒரு மாதம் ஆகியும் அசைவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் கேட்கும் கேள்வி இல்லை. "இந்த மனு எண்ணின் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல், இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது, இடப் பார்வை அறிக்கையின் நகல்" என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தவறான துறைக்கு அனுப்பிவிட்டாலும் ஐந்து நாளுக்குள் சரியான துறைக்கு மாற்றிவிட வேண்டியது அவர்கள் கடமை. பல நேரம் இந்தக் கேள்வியே கோப்பை மேசையின் மேலே கொண்டுவந்துவிடும்.

அலுவலர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு அவர் படித்த வாசகத்தின் நகலையும் ஆய்வு அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரதி ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று பள்ளி நூலகத்தில், ஒன்று உங்களிடம். ஊராட்சித் தலைவர் மாறுவார், அலுவலர் இடம் மாறிப் போவார். அடுத்த முறை சாலை போட வருபவரிடம் காட்ட அந்தக் காகிதம் இருக்க வேண்டும்.